தலைநகரம் பாக்கப் போன கதை

25ஆவது கல்யாண நாளுக்குத் தலைநகரம் பாக்கப் போகலாம்னு நான்தான் வாயைக் கொடுத்தேன். எந்தத் தலைநகரம்னு சொல்லலை. வம்பு அங்கதான் ஆரம்பம். தங்கமணி அன்னைக்கே பரண்ல இருந்து ஸ்வெட்டரை இறக்கி வெயில்ல காயப் போட்டாச்சு. பக்கத்து வீட்டு மாமிகிட்ட செங்கோட்டை, குதுப்மினார், அப்படியே ஒரு நாள் ஆக்ரான்னு பட்டியல் வேற. ரெண்டு நாள் கழிச்சு டிக்கெட்டைக் கையில கொடுத்தேன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், எழும்பூர் டு திருச்சி.

"ஏங்க, திருச்சியில இருந்தா டெல்லிக்கு வண்டி?"

"டெல்லின்னு யாரு சொன்னா? சோழநாட்டுத் தலைநகரம். உறையூர்."

ஸ்வெட்டர் திரும்பப் பரணுக்குப் போச்சு. அன்னைக்கு ராத்திரி ரசத்துல உப்பு இல்லை :-)

என் பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். திருச்சியில மூணு வருஷம் காலேஜ் படிச்சவன் நான். தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்காத நாள் கிடையாது. மைக்கேல் ஐஸ்கிரீம் கடையில கடன் சொல்லாத நண்பன் கிடையாது. ஆனா உறையூருக்குப் போனது சினிமா பாக்க ரெண்டே ரெண்டு தடவை. டவுன் பஸ் போர்டுல இருக்கற உறையூரும், தமிழ் வாத்தியார் புறநானூறு நடத்தும்போது சொன்ன உறந்தையும் ஒரே ஊர்தான்னு எனக்கு உறைச்சதே 40 வயசுக்கு மேலதான். கரிகாலன் ஆண்ட ஊர்ல மூணு வருஷம் இட்லி சாப்பிட்டுட்டு அது தெரியாமலே திரும்பி வந்திருக்கேன். அந்தக் குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரமா இந்தப் பயணம்னு வெச்சுக்குங்க.

காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் போட்டுக் குளிச்சுட்டு ஆட்டோ பிடிச்சோம். "அண்ணே, உறையூர்ல பழைய தலைநகரம் பாக்கணும்"னேன். அவர் கண்ணாடியில என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சார், வெக்காளியம்மன் கோயிலா, நாச்சியார் கோயிலா? அதைச் சொல்லுங்க"ன்னார். தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சாங்க. பயணத்துல முதல் சிரிப்பு, அது வரைக்கும் நல்லது.

வெக்காளியம்மனுக்குத் தலைக்கு மேல கூரை கிடையாது. கோயில் இருக்கு, மண்டபம் இருக்கு, கூட்டம் இருக்கு. அம்மன் உக்காந்திருக்கற இடத்துக்கு மேல மட்டும் வானம். வெயிலும் மழையும் நேரா அவ தலையிலதான். ஏன்னு கேட்டா ஒரு கதை சொல்லுவாங்க. சாரமா முனிவர்னு ஒருத்தர் மலைக்கோட்டை ஈஸ்வரனுக்காக செவ்வந்தித் தோட்டம் போட்டிருந்தார். ஒருத்தன் அந்தப் பூவைத் திருடி அரண்மனையில கொடுக்க, ராஜா வன்பராந்தகன் ராணிக்கு அது பிடிச்சுப் போச்சேன்னு கண்டுக்காம விட்டுட்டார். முனிவர் ஈஸ்வரன்கிட்ட முறையிட்டார். கிழக்கே பாத்துக்கிட்டிருந்த ஈஸ்வரன் மேற்கே உறையூர் பக்கம் திரும்பினார். மண்ணா மழை பெஞ்சுது. ஊர் மூடிப் போச்சு. வீடு போன சனங்க எல்லாரும் அம்மன்கிட்ட ஓடினாங்க. உங்க எல்லாருக்கும் வீடு கிடைக்கற வரைக்கும் எனக்கும் கூரை வேண்டாம்னு அவ சொல்லிட்டாளாம்.

இன்னைக்கும் மலைக்கோட்டை தாயுமானவர் மேற்கு பாத்துதான் இருக்கார். கொடிமரம் கிழக்குப் பக்கம்.

நான் இந்தக் கதையை ஒரு வரலாற்று ஆராய்ச்சியாளர் ரேஞ்சுக்கு அலசிக்கிட்டிருந்தேன். பெரிய வெள்ளமோ, காவிரி கொண்டாந்து கொட்டின வண்டலோ, ஏதோ பழைய ஞாபகம்தான் இப்படிக் கதையாகியிருக்கும்னு ஆரம்பிச்சேன். தங்கமணி காதுல வாங்கலை. கும்பிட்டு முடிச்சுட்டு, "இன்னும் எல்லாருக்கும் வீடு கிடைக்கலைல்ல, அதான் அவ அப்படியே இருக்கா"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் வண்டலைப் பத்திப் பேசலை.

அங்கிருந்து பஞ்சவர்ணசுவாமி கோயில். மூக்கீச்சரம்னு சம்பந்தர் பாடின தலம். கோயிலை விட்டு வெளியே வந்து தெருவுல நின்னப்போதான் அந்தக் கேள்வி வந்துச்சு. ரெண்டு பக்கமும் மாடி வீடு, ஒரு மளிகைக் கடை, செல்போன் ரிப்பேர் கடை, மாவு மில், மூணு ஸ்கூட்டர்.

"சரிங்க. அரண்மனை எங்க?"

கேள்வி நியாயமானது. டெல்லிக்குப் போயிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. அங்க தலைநகரம் ஒண்ணு போனா அது பக்கத்துலயே இன்னொண்ணு கட்டினாங்க. துக்ளகாபாத், ஃபிரோஸ்ஷா கோட்லா, ஷாஜகானாபாத்னு ஒவ்வொண்ணும் கல்லு கல்லா நிக்குது. வெள்ளைக்காரன் 1911ல கல்கத்தாவுல இருந்து தலைநகரத்தை மாத்தறேன்னு அறிவிச்சு 1931ல திறந்த புது டெல்லி அந்த வரிசையில கடைசி. உறையூர்ல நிக்கறதுக்கு ஒரு செங்கல் கிடையாது.

கொஞ்சம் வரலாறு சொல்லணும், கொட்டாவி விடாதீங்க. நம்ம பழைய ராஜாக்கள் இருந்த வீடெல்லாம் செங்கல், மரம், சுதை. கருங்கல் சாமிக்கு மட்டும். அதுவும் 7ஆம் நூற்றாண்டு வாக்குலதான் தமிழ்நாட்டுல கல் கோயில் தலையெடுக்குது. அதனால சோழர் அரண்மனைன்னு முழுசா ஒண்ணு எங்கயுமே மிஞ்சலை. தஞ்சாவூர்ல நாம டிக்கெட் வாங்கிப் பாக்கற அரண்மனை நாயக்கரும் மராட்டியரும் கட்டினது. கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜேந்திரன் கட்டின கோயில் வானத்தை முட்டுது. அவன் படுத்துத் தூங்கின மாளிகை? மாளிகைமேட்டுல தோண்டினப்போ கிடைச்சது செங்கல் அஸ்திவாரம்.

ஆனா உறையூர் கதை தானா உதிர்ந்த கதை மட்டும் இல்லை. எரிச்சிருக்காங்க.

விஜயாலயன் 850 வாக்குல தஞ்சாவூரைப் பிடிச்ச பிறகு ராஜாங்கம் அந்தப் பக்கம் போயிடுச்சு. உறையூர் தலைநகரம்ங்கற பதவியை இழந்தது அப்பவே. இருந்தாலும் குலத்தோட பழைய வீடுங்கற மரியாதை இருந்திருக்கணும். ஏன்னா 350 வருஷத்துக்கு அப்புறம் எதிரி வந்தப்போ தஞ்சாவூரோட உறந்தையையும் சேர்த்துத்தான் கொளுத்தினான். மூன்றாம் குலோத்துங்க சோழன் மதுரைக்குப் போய்ப் பாண்டியரோட முடிசூட்டு மண்டபத்தை இடிச்சுட்டு வந்தான். அந்தக் கடனை வட்டியோட தீர்த்தவன் 1216ல பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். அவனோட மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாச் சொல்லுது. தஞ்சைக்கும் உறந்தைக்கும் தீ வெச்சானாம். மதில், கோபுரம், ஆடரங்கு, மாளிகை எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளினானாம். அது பத்தாதுன்னு அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுதானாம். தோத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் அந்தக் காலத்துல இல்லை.

இதை நான் ரோட்டோரமா நின்னு சொல்லிக்கிட்டிருக்க, தங்கமணி மளிகைக் கடைப் படியில உக்காந்தாச்சு. கடைக்காரரும் கல்லாவுல இருந்து எட்டிப் பாத்துக் கேட்டுக்கிட்டிருந்தார்.

"எல்லாத்தையுமா இடிச்சான்?"

இல்லை. ஒண்ணை விட்டான். திருச்சியில இருந்து துறையூர் போற வழியில திருவெள்ளறைன்னு ஒரு ஊர். அங்க இருக்கற ஒரு பாட்டுக் கல்வெட்டு இதைச் சொல்லுது. கரிகாலனைப் பத்தி உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலை பாடினார் இல்லையா, அதுக்குப் பரிசாக் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் தொடலையாம். சோழநாட்டுல மத்ததெல்லாம் தரைமட்டம். பாட்டுக்குக் கொடுத்த கூலியை மட்டும் விட்டுட்டான். எதிரி ராஜா, எதிரிக் குலத்தைப் புகழ்ந்த பாட்டு, ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. இருந்தும் கை வைக்க மனசு வரலை. எனக்கு அந்த ஆள் மேல இருந்த கோபமெல்லாம் இந்த இடத்துல பாதி குறைஞ்சு போச்சு. அந்த மண்டபமும் இன்னைக்கு இல்லை. பாட்டு இருக்கு.

மளிகைக் கடைக்காரர் ரெண்டு பேருக்கும் தண்ணி கொடுத்தார். "நானும் இந்த ஊர்தான் சார், எனக்கே தெரியாது"ன்னார். "எனக்கும் தெரியாதுங்க, மூணு வருஷம் இங்கயேதான் படிச்சேன்"னேன்.

சரி, தரைக்கு மேல ஒண்ணும் இல்லை. தரைக்குக் கீழ? 1965ல இருந்து 1969 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க டி.வி. மகாலிங்கம் தலைமையில உறையூரைத் தோண்டினாங்க. வீடும் தெருவுமா ஜனங்க வாழற ஊரை முழுசாவா தோண்ட முடியும்? கிடைச்ச காலி இடத்துல குழி போட்டாங்க. கருப்பு சிவப்புப் பானை ஓடு, தமிழ் பிராமி எழுத்து கீறின ஓடு, ரோமாபுரி வியாபாரம் நடந்த ஊர்களில் கிடைக்கிற மாதிரி ஓடு எல்லாம் வந்துச்சு. கிரீடமோ சிம்மாசனமோ வரலை. அதெல்லாம் விட எனக்குப் பிடிச்சது ஒரு தொட்டி. செங்கல் கட்டின தொட்டி. சாயம் போடறவங்க துணி முக்கின தொட்டியா இருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. பாண்டிச்சேரி பக்கம் அரிக்கமேட்டுலயும் இதே மாதிரி கிடைச்சிருக்கு.

இதுக்குச் சாட்சி கடல் தாண்டியும் இருக்கு. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்கக் கப்பல்காரன் எழுதின பெரிப்ளூஸ்ங்கற வழிகாட்டிப் புத்தகத்துல, கரையில இருந்து உள்ள தள்ளி அர்கருன்னு ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர்ப் பேர்லயே மஸ்லின் துணி வெளியே போகுதுன்னு ஒரு குறிப்பு. அர்கரு உறையூர்தான்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. உறந்தை, உறகம், அர்கரு. அவன் காதுல விழுந்ததை எழுதியிருக்கான், பாவம்.

ஆக, அரசன் வீடு போச்சு. சாயக்காரன் தொட்டி மிஞ்சிச்சு. சோழத் தலைநகரத்துல இருந்து, பாத்து இதுதான்னு சொல்ற மாதிரி நமக்குக் கிடைச்ச கட்டடம், பேர் தெரியாத ஒரு தொழிலாளி கை வெச்ச இடம்.

துணின்னு சொன்னதும் தங்கமணி எழுந்துட்டாங்க. "உறையூர் காட்டன்னு எங்க அம்மா ஒரு சேலை வெச்சிருந்தாங்க. கட்டிக்கிட்டா வெயிலே தெரியாதும்பாங்க. அது இந்த உறையூரா?" இதே உறையூர்தான். 2000 வருஷமா ஒரே தொழில். ராஜா மாறினான், நாடு மாறிச்சு, தறி ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஊரைச் சுருட்டுக்காகவும் தெரியும். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887ல வந்த முதல் கதையிலயே சாம்பலைப் பாத்துட்டு இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டுன்னு கண்டுபிடிப்பார். அந்தச் சுருட்டுக்கு உறையூர்தான் பேர் போன இடம். நான் சுருட்டு வாங்கலை. சேலை வாங்கினோம். விலை இங்க வேண்டாம், ஆனா டெல்லி டிக்கெட்டை விடக் கம்மிதான்!

மத்தியானம் ரூமுல மின்விசிறிக்குக் கீழ படுத்துக்கிட்டு, நமக்கு முன்னாடி உறையூருக்கு வந்த ஒரு ஜோடி கதையைச் சொன்னேன். கோவலனும் கண்ணகியும். புகார்ல இருந்து மதுரைக்கு நடந்த வழியில இந்த ஊருக்குள்ள வந்து தங்கினாங்க. சிலப்பதிகாரத்துல அந்தப் பகுதிக்குப் பேரே நாடுகாண் காதை. கிளம்பிக் கொஞ்ச தூரத்துலயே கண்ணகிக்குக் கால் வலிச்சுடுது. மதுரை எதுங்கன்னு கேக்கறா. கோவலன் சிரிச்சுக்கிட்டே காத தூரத்தை ஆறு, ஐந்துன்னு பிரிச்சுச் சொல்றான். பெருக்கிப் பாத்தா முப்பது காதம். கேக்கறவ காதுக்கோ ஏதோ ஆறு, அஞ்சு காதம்தான் போலன்னு படும். பொண்டாட்டிகிட்ட தூரத்தைக் குறைச்சுச் சொல்ற புருஷன் அன்னைக்கே இருந்திருக்கான்.

"நீங்க ஊர் பேரையே குறைச்சுச் சொன்ன ஆளாச்சே"ன்னாங்க. அதுவும் சரிதான்.

அவங்க கூடக் கவுந்தியடிகள்னு ஒரு சமணத் துறவி வர்றார். மூணு பேரும் அரங்கம் வரைக்கும் வந்து, ஓடத்துல காவிரியைத் தாண்டித் தென்கரைக்கு வந்து இறங்கறாங்க. அங்க வம்புக்கார ஜோடி ஒண்ணு இவங்களைப் பாத்துக் கிண்டல் பண்ண, கவுந்தியடிகள் கோபத்துல அவங்களை நரியாப் போகச் சபிச்சுடறார். கண்ணகி பதறிப் போய் மன்னிச்சுடுங்கன்னு கேக்கறா. ஒரு வருஷம் உறையூர் மதிலோரம் நரியாத் திரிஞ்சுட்டு மனுஷனாகட்டும்னு தண்டனை குறையுது. அப்புறம் ஊருக்குள்ள நுழையும்போது இளங்கோ அந்தப் பழைய கதையை நினைவுபடுத்தறார். ஒரு கோழி யானையை எதிர்த்து ஜெயிச்ச ஊர் இது, அதனாலதான் கோழின்னு பேர். கவனிச்சீங்கன்னா, கோவலனும் கண்ணகியும் உறையூர்ல ராஜாவைப் பாக்கலை, அரண்மனைப் பக்கம் போகவும் இல்லை. ஒரு ராத்திரி தங்கிட்டு விடிஞ்சதும் தெற்கே நடந்துட்டாங்க. அடுத்த தலைநகரத்துலதான் அரண்மனை அவங்களுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு.

இந்த இடத்துல தங்கமணி தூங்கிட்டாங்க. கதை பிடிக்காம இல்லைங்க, இட்லி கொஞ்சம் ஜாஸ்தி.

சாயந்திரம் மலைக்கோட்டை. நானூறுக்கு மேல படி. காலேஜ் நாள்ல ஒரே மூச்சுல ஏறின மலை, இப்போ நாலு இடத்துல உக்கார வெச்சுது. உச்சிப் பிள்ளையாருக்கு முன்னாடி, போற வழியில, பல்லவன் குடைஞ்ச குகைக் கோயில் ஒண்ணு இருக்கு. 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல முதலாம் மகேந்திரவர்மன் வெட்டினது. கங்கையைச் சடையில ஏந்தற சிவன் சிற்பம் உள்ள இருக்கு. முக்கால்வாசிப் பேர் பிள்ளையாரை நோக்கி மூச்சு வாங்கிக்கிட்டே இதைத் தாண்டிப் போயிடறாங்க. நானும் மூணு வருஷம் அப்படித்தான் போனேன்.

அந்தச் சிற்பத்துக்கு ரெண்டு பக்கமும் தூண்ல வடமொழிக் கல்வெட்டு. விஷயம் என்னன்னா, சிவன் மகேந்திரன்கிட்ட கேக்கறாராம், தரையில ஒரு கோயில்ல இருந்துக்கிட்டு நான் எப்படிச் சோழநாட்டோட செழிப்பையும் காவிரியையும் பாக்கறதுன்னு. அதுக்காகத்தான் மலை மேல வீடு கட்டிக் கொடுத்தானாம் ராஜா. ஜெயிச்ச நாட்டை வேடிக்கை பாக்க சாமிக்கே ஒரு பால்கனி! அது மட்டும் இல்லை. இன்னொரு பாட்டுல பார்வதிக்கு ஒரு கவலை. நதின்னா இவருக்குப் பிடிக்கும், ஏற்கெனவே கங்கையைத் தலையில வெச்சிருக்கார், இப்போ காவிரி வேற கண்ணு முன்னால ஓடறா, மனசு அந்தப் பக்கம் போயிடுமோன்னு. அதனால பிறந்த வீடான இமயமலையை விட்டுட்டு இங்கயே வந்து உக்காந்துக்கிட்டா. அந்தக் காவிரி பல்லவனுக்குச் சொந்தமானவன்னு வேற அடிக்கடி ஞாபகப்படுத்தறாளாம்.

இதைச் சொன்னதும் தங்கமணிக்கு முழிப்பு முழுசா வந்துடுச்சு. "பாவம்ங்க பார்வதி"ன்னாங்க. சோழநாடு யார் கையில இருந்ததுங்கறதைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது :-)

மேல ஏறி நின்னா எல்லாம் தெரியும். வடக்கே காவிரி, அதைத் தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவுல ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். மேற்கே உறையூர், வெறும் மொட்டைமாடியும் தண்ணி டேங்குமா. இதே இடத்துல நின்னு கணக்குப் போட்டா, கண்ணுக்கு எட்டற தூரத்துக்குள்ளயே எத்தனை தலைநகரம்! பாண்டியன் சோழனை அடிச்சதும், காப்பாத்தறேன்னு வந்த ஹொய்சளர் அப்படியே தங்கிட்டாங்க. வீரசோமேசுவரன் சமயபுரம் பக்கம் கண்ணனூரைத் தன் தலைநகரமாக்கினான். அங்க போசளீஸ்வரம் கோயில் இருக்கு, அரண்மனை இல்லை. 17ஆம் நூற்றாண்டுல சொக்கநாத நாயக்கர் மதுரையில இருந்து தலைநகரத்தைத் திருச்சிக்கு மாத்தினார். அரண்மனை கட்டறதுக்காகத் திருமலை நாயக்கர் ஆசை ஆசையாக் கட்டின மதுரை மகாலை உடைச்சுச் சாமான் கொண்டு வந்தாராம். அப்படி வந்த திருச்சி அரண்மனையில இன்னைக்கு மிச்சம் ஒரு தர்பார் மண்டபம். ராணி மங்கம்மாள் மகால்னு பேர். உள்ள அருங்காட்சியகம். கட்டினது சொக்கநாதர், பேர் வாங்கினது மங்கம்மாள். அவங்களே நல்லா ஆண்டவங்க, அதனால சண்டை போட வேண்டாம்.

அப்புறம் நவாப், சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன்னு 1751, 52ல இந்த மலையைச் சுத்தி நடந்த சண்டை தனிக் கதை. கடைசியா ஒரு முயற்சி எம்.ஜி.ஆருடையது. 1980களின் தொடக்கத்துல தமிழ்நாட்டுத் தலைநகரத்தைச் சென்னையில இருந்து திருச்சிக்கே மாத்தணும்னு அவர் ஆசைப்பட்டார். உறையூர்ல ஒரு பங்களா கூட வாங்கினார். திட்டம் நடக்கலை. நடந்திருந்தா எங்க வீட்டு ரசத்துல அன்னைக்கு உப்பு இருந்திருக்கும்.

ஒண்ணை விட்டுட்டேன். காலையில பஞ்சவர்ணசுவாமி கோயிலுக்கு அப்புறம் நாச்சியார் கோயிலுக்கும் போனோம். 108 திவ்ய தேசத்துல ஸ்ரீரங்கம் முதல்னா உறையூர் ரெண்டாவது. நந்தசோழனுக்குத் தாமரைக் குளத்துல கிடைச்ச பொண்ணு கமலவல்லி. அரங்கனைத்தான் கட்டிப்பேன்னு நின்னு அவரையே கட்டிக்கிட்டா. அவர் ஸ்ரீரங்கத்துல இருக்கார், இவ பிறந்த வீட்டுல இருக்கா. பெருமாளும் தாயாரும் வடக்கே பாத்து நிக்கறாங்க, அதாவது ஸ்ரீரங்கம் இருக்கற திசை. திருப்பாணாழ்வார் பிறந்ததும் இந்த ஊர்ல. பாணர் குலம்ங்கறதால அவரும் தென்கரையிலயே நின்னு வடக்கே பாத்துப் பாடிக்கிட்டிருந்தார். கடைசியில அவர் மேல கல்லெறிஞ்ச லோகசாரங்க முனிவரே தோள்ல தூக்கிக்கிட்டு உள்ள போக வேண்டியதாச்சு. காலையில வெறுமனே கும்பிட்டுட்டு வந்துட்டோம். ரெண்டாம் நாள் ஸ்ரீரங்கம் போனப்புறம்தான் அந்த வடக்குப் பார்வைக்கு முழு அர்த்தம் பிடிபட்டுது.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு, காவிரிப் பாலம் தாண்டி, ராஜகோபுரத்துக்கு முன்னால இறங்கினோம். 236 அடி. நான் படிச்ச காலத்துல இதோட வயசு சின்னது, 1987லதான் கட்டி முடிச்சாங்க. பல நூற்றாண்டா மொட்டையா நின்ன கோபுரம். ஏழு பிராகாரம், 21 கோபுரம். சோழன், பாண்டியன், ஹொய்சளன், விஜயநகரம், நாயக்கர், யார் வந்தாலும் இங்க ஒரு மண்டபமாவது கட்டிட்டுத்தான் போயிருக்காங்க. அவங்க வீடெல்லாம் போச்சு, இங்க கட்டினது நிக்குது. டெல்லியில இருந்தும் வந்தாங்க, 1311லயும் 1323லயும், கட்டறதுக்காக இல்லை. ரெண்டாவது தடவை நம்பெருமாளையே தூக்கிக்கிட்டு ஊர் ஊரா ஒளிய வேண்டியதாச்சு. அவர் திரும்பி வந்தது 1371ல. தங்கமணிகிட்ட, "பாத்தியா, நீ டெல்லிக்குப் போகணும்ங்கறே, டெல்லி இங்க வந்திருக்கு"ன்னேன். முறைப்புதான் பதில்.

தாயார் சன்னிதி பக்கம் பூ விக்கற ஒரு பாட்டிகிட்ட, நாச்சியார் கோயிலுக்கு நேத்து போயிட்டு வந்தோம்னு தங்கமணி பேச்சுக் கொடுத்தாங்க. பாட்டி பூவை முழம் போட்டுக்கிட்டே, "அப்ப இங்க தாயாருக்குக் கோவம் வருமே!"ன்னாங்க.

பங்குனி மாசம் ஆயில்ய நட்சத்திரத்தன்னைக்கு நம்பெருமாள் பல்லக்குல கிளம்பி, காவிரியைத் தாண்டி உறையூர் போறார். கமலவல்லிக்குப் பிறந்த நட்சத்திரம் அது. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்தி. ராத்திரி வீடு திரும்பிடறார். இந்த விஷயம் ரங்கநாயகித் தாயாருக்குத் தெரிஞ்சு போகுது. மூணாம் நாள் பங்குனி உத்திரத்தன்னைக்கு இவர் தாயார் சன்னிதிக்கு வந்தா கதவு அடைச்சிருக்கு. பூவை வீசறாங்க, வெண்ணெயை வீசறாங்க, வாழை மட்டையால அடி வேற. மட்டையடின்னே அந்த உற்சவத்துக்குப் பேர். மோதிரம் காணாமப் போச்சு, அதைத் தேடித்தான் போனேன்னு இவர் ஏதேதோ சாக்கு சொல்றார். கடைசியில நம்மாழ்வார் வந்து சமாதானம் பண்ணி வெச்சு, உள்ள விட்டு, சேர்த்தி நடக்குது.

எனக்கு அங்கயே நின்னுட்டுது மனசு. 850 வாக்குலயே சோழன் உறையூரை விட்டான். பாண்டியன் கொளுத்தினான். ஹொய்சளனும் நாயக்கனும் நவாபும் பக்கத்துல வேற வேற இடம் பாத்துக்கிட்டாங்க. பஸ் போர்டுல அது ஒரு ஸ்டாப்பிங். அந்த ஊரை இன்னமும் ராஜாவோட ஊரா, மாமனார் வீடா நினைச்சு வருஷா வருஷம் மரியாதையோட போயிட்டு வர்றது இவர் ஒருத்தர்தான். வீட்டுல அடி வாங்கினாலும் போறார்.

"அந்த ஆயில்யம் எப்போ வரும் பாட்டி?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பாட்டி விரலை மடக்கி எண்ணி, பஞ்சாங்கம் பாத்துக்கோம்மான்னு சொன்னாங்க. ரெண்டு முழம் மல்லி வாங்கினோம். அப்புறம் திரும்ப ஒண்ணாம் நம்பர் பஸ். பாலத்துல ஏறும்போது தங்கமணி ஜன்னல் வழியா ஆத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

"பங்குனிக்கு மறுபடி வரலாம்ங்க. காவிரியைத் தாண்டும்போது கூடவே நடக்கணும்."

"வரலாம்மா."

"டெல்லிக்கு மார்கழியில போகலாம். ஸ்வெட்டர் இருக்கு."